கடலைத் தூர்க்குமுன் கேட்கவேண்டியவர் யார்?

மலாக்கா நகரை அடுத்த கடலோர ஊர் கிளேபாங். முன்னாளில் அலை புரண்ட இடத்தில் இன்று மணல்வெளி கிடக்கின்றது. கடலைத் தூர்ப்பது நலமா, கேடா என்பது ஒரு வினா. அதனை முடிவு செய்யுமுன் கரைவாழ் மக்களைக் கேட்கவேண்டுமா என்பது அதனினும் பெரிய வினா. இவ்விரண்டாவதன் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இந்நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் பிறந்தது. அதன் பயனை முதலில் கண்டவருள் தோட்ட மக்களும் உளர். செம்பனை ஆலைக் கழிவு ஆறுகளைக் கெடுத்த காலம் அது. 1977-இல் ஆலைகளுக்கு விதிகள் வந்தன. கழிவு நீரிலுள்ள பிராணவாயுவை எவ்வளவு உண்ணும் என்பதே அளவுகோல். 1978-இல் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்றிருந்த எல்லை, படிப்படியாய்க் குறைந்து 1984-இல் 100 ஆயிற்று. அளவும் நாளும் குறித்துச் சட்டம் பேசின் ஆலை முதலாளியும் செவிசாய்ப்பார் என்பதற்கு இது சான்றன்றோ?

பெருந்திட்டங்களுக்கான ஆணை 1987-இல் பிறந்து, 1988 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் கடல் தூர்ப்போர் பாதிப்பு மதிப்பீட்டறிக்கை அளித்து ஒப்புதல் பெறவேண்டுமென்று அது விதித்தது. ஆயின் நிலம் மாநிலத்தின் பொருள். அறிக்கையை ஏற்பதும் மறுப்பதும் நடுவரசுத் துறையின் பொறுப்பு. இவ்விரு கைகளுக்கிடையே மக்களின் குரல் நழுவி விழுதலும் உண்டு.

சரவாக்கின் பாக்கூன் அணையே அதற்கு எடுத்துக்காட்டு. அவ்வாணை சரவாக்குக்குச் செல்லாதென 1995-இல் முன்தேதியிட்டு மற்றோர் ஆணை பிறந்தது. நீள்வீடுகளில் வாழ்ந்த மூவர் வழக்குத் தொடுத்தனர். அறிக்கையைப் பெற்றுக் கருத்துரைக்கும் உரிமை அவர்க்குண்டென 1996-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. அணையும் எழுந்தது, ஊர்களும் பெயர்ந்தன.

2015-இல் புதிய ஆணை வந்தது. பெருந்திட்ட அறிக்கைகளை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டல் இன்று முறையாயுள்ளது. கதவு திறந்திருக்கின்றது, நுழைவோர் எத்தனை பேர்? திருவிழாக் கணக்கைப் பல முறை கூட்டிப் பார்க்கும் நம் சங்கங்கள், ஊரின் கடலையும் ஆற்றையும் பற்றிய அறிக்கையை ஒரு முறையேனும் புரட்டலாகாதா? மலாய் மொழியில் தேர்ந்த நம் பிள்ளைகள் படித்துச் சொல்ல, பெரியோர் கூடிக் கருத்தெழுதி, குறித்த நாளுக்குள் அனுப்புதல் வேண்டும்.

கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும். தோழர்களே, எழுமின்!