சேகோ ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்களின் ஆற்றல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி (சேகோ) செய்யும் தொழில் 1940களில், இரண்டாம் உலகப் போரினால் இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் வேரூன்றியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழங்கை அரைத்து, திப்பியை நீக்கி, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். மாவு அடியில் படிந்ததும் வடித்துவிடும் நீரில் சர்க்கரையும் நுண்ணிய மாவும் மிஞ்சியிருக்கும். பாக்டீரியாக்களுக்கு அது நல்ல தீனி.

நீரில் ஆக்சிஜன் உள்ளவரை அவை குளுக்கோஸைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் முழுமையாகச் சிதைக்கின்றன. எலக்ட்ரான்கள் செல்சவ்வில் கைமாறும்போது புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் விசையில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. 1961இல் இதை விளக்கிய பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு குளுக்கோஸுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஏடிபி இவ்வழியில் கிடைக்கும். ஆக்சிஜனின்றி நடக்கும் நொதித்தலிலோ இரண்டு முதல் நான்குதான்.

இவ்வளவு செறிந்த கழிவுநீர் ஓடையில் விழுந்தால் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். மீன்கள் மடியும், நொதிக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். காற்றில்லாமலும் உயிர் வாழலாம் என்று 1861இல் லூயி பாஸ்டர் காட்டியது பியூட்ரிக் அமில நொதித்தலைக் கொண்டுதான். தேங்கிய சேகோ நீரின் குமட்டும் வாடைக்கு அந்த அமிலமும் ஒரு காரணம். ஆலைக்கு அருகே குடியிருப்போர் பல ஆண்டுகள் இதைச் சகித்திருக்கிறார்கள். வளர்ச்சியின் விலை என்று அதை ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

மூடிய கலன்களில் இதே நொதித்தல் பயனுள்ளதாகிறது. அமிலங்களை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் ஒரு கூட்டம் உடைக்க, அவற்றை மெத்தனோஜன்கள் மீத்தேனாக்குகின்றன. பாக்டீரியாக்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்ட இவை ஆர்க்கியா என்னும் தனிக் குலம் என 1977இல் கார்ல் வோசும் ஜார்ஜ் ஃபாக்ஸும் நிறுவினர். குளுக்கோஸின் ஆற்றலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மீத்தேனிலேயே தங்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ள முடியாத அந்தப் பங்குதான் ஆலையில் எரிபொருளாகவும் மின்சாரமாகவும் மாறுகிறது. அவற்றுக்குக் கிடைப்பது சொற்பம் என்பதால் அவை மெதுவாகவே பெருகுகின்றன; கசடும் குறைவு. ஆனால் மெத்தனோஜன்களுக்கு அமிலம் ஆகாது. மாவுநீரை அளவுக்கு மீறி விட்டால் கலன் புளித்து, வாயு நின்றுபோகும்.

கலனைவிட்டு வரும் நீரிலும் கரிமம் எஞ்சியிருக்கும். அதைக் காற்றூட்டும் தொட்டியில் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் சிதைத்து முடிக்கின்றன. அங்கு மின்செலவு ஆலையினுடையது.