முகரும் உரிமை

ரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய தன் இயற்கை வரலாற்று நூலில் ஒரு பழைய வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். குடும்பத்தின் ஆண் உறவினர்கள் பெண்களை முத்தமிடுவார்களாம். அன்பினால் அல்ல, அவள் வாயில் மது வாடை அடிக்கிறதா என்று பார்க்க. ஒயின் குடித்த மனைவியைத் தடியால் அடித்தே கொன்ற ஒருவனை ரோமுலஸ் விடுவித்த கதையையும் அவர் சொல்கிறார். ஒயின் அறைச் சாவி இருந்த பையைத் திறந்ததற்காக ஒருத்தியை அவள் குடும்பத்தாரே பட்டினி போட்டுக் கொன்றதையும் அங்கேதான் படிக்கிறோம். முகர்கிறவன் ஆண், முகரப்படுகிறவள் பெண். ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்லும் கலையின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மத்தியதரைக்கடல் உலகிலிருந்துதான் நம் கடற்கரைக்கும் ஒயின் வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், ஒயின் கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மன்னனுக்கு ஊட்டுகிறவர்கள் வளையணிந்த பெண்கள். அவர்கள் குடித்தார்களா, எது நல்ல தேறல் என்று அவர்களைக் கேட்டார்களா என்பது பாடலில் இல்லை. அதே தொகுப்பின் 235ஆம் பாடலில் ஔவை அதியமானோடு கள்ளைப் பகிர்ந்த நினைவைச் சொல்லி அழுகிறாள். ஊற்றுகிறவளுக்கும் பகிர்கிறவளுக்கும் நடுவே உள்ள தூரத்தை வகுப்பில் மாணவிகளிடம் எப்போதும் கேள்வியாக வைப்பேன்.

பிரான்சில் 1804இல் வந்த நெப்போலியன் சட்டம் மணமான பெண்ணைக் கணவனின் அதிகாரத்துக்குக் கீழே வைத்தது. கைம்பெண்ணுக்கோ தன் பெயரில் தொழில் நடத்த வழி இருந்தது. 1805இல் 27 வயதில் கணவனை இழந்த பார்ப் நிக்கோல் கிளிக்கோ, ஷாம்பெய்ன் தொழிலைக் கையில் எடுத்தார். புட்டிக்குள் படியும் வண்டலைக் கழுத்துப் பக்கம் இறக்கி வெளியேற்றும் முறை 1816 வாக்கில் அவருடைய நிலவறையில்தான் உருவானது. புட்டியின் சீட்டில் இன்றும் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் பிரெஞ்சுச் சொல்லின் பொருள் ‘கைம்பெண்’. தாலி அறுந்த பிறகே ஒருத்தியின் நாக்குக்கு மதிப்பு வந்தது என்று நம் ஊர் வழக்கில் சொல்லலாம்.

தயாரித்தவர்களுக்குக் கிடைத்த இடம், தீர்ப்புச் சொல்ல வந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கவில்லை. லண்டனில் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ தேர்வு தொடங்கியது 1953இல். முதல் பெண் அதில் தேறியது 1970இல்.

1976 மே 24 அன்று பாரிஸில் கலிஃபோர்னிய ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் பெயரை மறைத்துச் சுவைத்தார்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியாவே முதலிடம் பெற்றது. ஸ்டீவன் ஸ்பரியரின் பெயரோடு நினைக்கப்படும் அந்நிகழ்வின் யோசனை, அவருடன் வேலை பார்த்த பட்ரீசியா கல்லகருடையது. மதிப்பெண் கணக்கில் சேர்க்கப்பட்ட ஒன்பது நடுவர்களில் ஒரே பெண், பிரெஞ்சு ஒயின் இதழின் ஆசிரியர் ஒடெட் கான். முடிவு தெரிந்ததும் அவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். கிடைக்கவில்லை. பெயர் தெரியாதபோது அவர் நாக்கு சொன்னது ஒன்று, பெயர் தெரிந்த பிறகு அவர் மனம் விரும்பியது வேறொன்று. பெண் என்பதாலேயே ஒருவர் மரபின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. அந்நிகழ்வுக்கு ‘பாரிஸின் தீர்ப்பு’ என்று தலைப்பிட்டது டைம் இதழ். கிரேக்கக் கதையில் பாரிஸ் என்ற ஆண், மூன்று தேவியரில் அழகி யார் என்று தீர்ப்பளித்தவன். சிலேடையிலும் தீர்ப்பவன் ஆணே.

என் கல்லூரித் தோழி ஒருத்தி கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். இணையத்தில் அறிமுகமான ஒயின் ஆர்வலர்கள் பன்னிரண்டு பேரை மாதம் ஒருமுறை கூட்டுகிறாள். 750 மி.லி. புட்டி ஒன்றில் ஆளுக்கு 60 மி.லி. கிடைக்கும். ஆறு புட்டிகளைக் காகிதப் பையில் சுற்றி எண் மட்டும் இடுவாள். துப்புவதற்குப் பாத்திரம் உண்டு, ஏனென்றால் வேலை குடிப்பதல்ல. அவள் வைத்திருக்கும் முக்கிய விதி, எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்பது. முதல் சில மாதங்கள் அந்த விதி இல்லை. உரத்த குரலுள்ள இரண்டு ஆண்கள் ‘செர்ரி’ என்றால் மேசை முழுவதும் செர்ரிதான். விதி வந்த பிறகு, அதுவரை தலையசைத்துக்கொண்டிருந்த பெண்களின் தாள்களில் கிராம்பும் ஈர அட்டையும் எரிந்த தீக்குச்சியும் வந்தன.

அந்தச் சொற்களுக்கும் ஒரு தாய் உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒயின் துறைக்கு 1974இல் வந்த ஆன் நோபல், 1984இல் மணச் சக்கரத்தை வெளியிட்டார். ஒயினைப் ‘பெண்மையானது’, ‘ஆண்மையானது’ என்று வருணித்துக்கொண்டிருந்த உலகில், சக்கரம் ‘மிளகு’, ‘கிராம்பு’ என்று பொருளைச் சொன்னது. மணம் பிடிபடாத சாதாரண ஒயினில் ஒரு கிராம்பைப் போட்டு மூடிவைத்து முகர்ந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். ‘பெண்களுக்கு இயல்பிலேயே கூர்மையான மூக்கு’ என்ற புகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது நம்மை அடுக்களைக்கே திருப்பி அனுப்பும். பயிற்சியால் வரும் அறிவு என்பதுதான் நோபல் நிறுவியது.

டாஸ்மாக் வாசலில் கணவனைத் தேடி நிற்கும் பெண்கள் உள்ள ஊரில் ஒயின் சுவைப்பதைப் பற்றி எழுதலாமா என்று தோழிகள் கேட்டார்கள். 1992இல் நெல்லூர் மாவட்டத்துப் பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்ததும் ஒரு தீர்ப்புத்தான். தங்கள் வீட்டுக்குள் மது என்ன செய்கிறது என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? குடிப்பது உரிமையா என்பது என் கேள்வியல்ல. தான் அறிந்ததைத் தன் சொல்லில் சொல்லவும், அந்தச் சொல் கணக்கில் ஏறவும் ஒருத்திக்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

தோழியின் விதியை நான் கவிதை வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன். பாடலை எழுதியவர் பெயரை மறைத்துக் கொடுக்கிறேன். உரையைத் திறக்குமுன், யாரும் வாய் திறக்குமுன், ஒவ்வொருத்தியும் தன் கருத்தை எழுத வேண்டும். பிறகு பேசலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் தாளை யாரும் கிழிக்கக் கூடாது.