2012 இல் இல்லாத போத்தல்: இக்கெம் வைன் வாங்கும்போது ஆண்டை எப்படிப் பார்ப்பது?

பாரிஸில் அக்கா வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தபோது அத்தான் என்னிடம் ஒரு உதவி கேட்டார். "பிள்ளை, நீ பத்திரிகைக்காரிதானே. ஒருக்கால் தேடிப் பார். இக்கெம் 2012 எங்க வாங்கலாம்?"

அத்தான் இருபது வருடங்களுக்கு மேலாக அங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அவர்களுடைய மூத்த மகள் 2012 தை மாதம் பிறந்தவள். பிள்ளை பிறந்த ஆண்டின் வைன் போத்தலை வாங்கிப் பத்திரப்படுத்தி, பிள்ளை வளர்ந்ததும் திறப்பது பிரான்ஸில் பல குடும்பங்களில் உள்ள வழக்கம். அத்தானோடு வேலை செய்பவர்கள் சிலரும் அப்படி வாங்கி வைத்திருக்கிறார்கள். அத்தான் குடிக்கிறவர் அல்ல. ஒரு வாடிக்கையாளர் மேசையில் மிச்சம் விட்டுப்போன போத்தலிலிருந்து, வைன் பரிமாறுகிறவர் ஊற்றிக் கொடுத்த ஒரு மிடறுதான் அவருக்கும் இக்கெமுக்கும் உள்ள உறவு. வாங்கினால் அதைத்தான் வாங்குவது என்று அன்றே முடிவெடுத்துச் சிறுகச் சிறுகக் காசு சேர்த்திருக்கிறார்.

இரண்டாம் நாளே எனக்கு விடை கிடைத்துவிட்டது. அப்படி ஒரு போத்தல் உலகில் எங்கும் இல்லை. 2012 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து ஷாத்தோ டிக்கெம் என்ற பெயரில் வைன் வெளியிடப்படவே இல்லை.

ஏன் இல்லை என்று தேடப் போய்த்தான், இந்த வைனின் மேலட்டையில் உள்ள ஆண்டு என்ன சொல்கிறது, என்ன சொல்லாது என்பதைக் கற்றுக்கொண்டேன். பல நூறு யூரோ கொடுத்து ஒரு போத்தல் வாங்க நினைப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸில் குறைந்தபட்சச் சம்பளம் கழிவு போக மாதம் 1400 யூரோ அளவில்தான் இருக்கிறது.

பூஞ்சணம் பிடித்த திராட்சை

போர்தோ நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீற்றரில் இருக்கிறது சோதேர்ன். சோதேர்ன், பார்சாக், பொம், ஃபார்க், பிரெய்னியாக் என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்த இந்தச் சிறு பகுதியில் ஒரு குன்றின் மேல் இக்கெம் மாளிகையும் அதைச் சுற்றிச் சுமார் 100 ஹெக்டேயர் திராட்சைத் தோட்டமும் உள்ளன. முக்கால் பங்குக்குச் செமியோன், மிச்சம் சொவின்யோன் பிளான் என இரண்டு வகை வெள்ளைத் திராட்சைகள்.

யாழ்ப்பாணத்தில் திராட்சைப் பந்தல் போட்டவர்களிடம் பூஞ்சணம் என்று சொன்னாலே முகம் கறுத்துவிடும். சோதேர்னிலோ அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர், சற்று வெப்பமான கரோன் ஆற்றோடு கலக்கும் இடம் இது. இலையுதிர் காலக் காலைகளில் அங்கே பனிப்புகார் எழும்பித் தோட்டங்களை மூடும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் சினெரியா என்ற பூஞ்சணம் பழுத்த திராட்சையைப் பிடிக்கிறது. மதியத்தில் வெயில் எறித்துப் புகாரைக் கலைத்தால், பூஞ்சணம் துளைத்த தோல் வழியாகப் பழத்தின் நீர் வற்றுகிறது. சீனியும் புளிப்பும் வாசனையும் சுண்டிப்போய் உள்ளே நிற்கின்றன. பார்ப்பதற்குச் சுருங்கி, சாம்பல் படிந்து, அழுகினதுபோல இருக்கும். பிரெஞ்சுக்காரர் இதற்கு "உன்னத அழுகல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்த நிலைக்கு வராது. பறிப்பவர்கள் ஒரே கொடிக்குப் பல கிழமைகளாகத் திரும்பத் திரும்ப வந்து, பதமான பழங்களை மட்டும் எடுப்பார்கள். ஐந்து, ஆறு தடவை வருவது சாதாரணம். கடைசியில் ஒரு கொடியிலிருந்து ஒரு கிளாஸ் வைன்தான் என்று சொல்வது வழக்கம். கணக்காகச் சொன்னால் ஹெக்டேயருக்குச் சுமார் 9 ஹெக்டோலீற்றர். சோதேர்னில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 25 தான். சாறு புதிய ஓக் பீப்பாக்களில் புளித்து, அதிலேயே முதிர்கிறது. முன்பு பீப்பாவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தது; இப்போது ஏறத்தாழ இரண்டு. போத்தலுக்குள் போகும் வைனில் ஒரு லீற்றருக்கு 120 முதல் 150 கிறாம் வரை சீனி இருக்கும். மதுசாரம் 14 வீதத்தை ஒட்டி இருக்கும்.

இதே பூஞ்சணம், மழை விடாமல் பெய்தால் வெறும் அழுகலாகிவிடும். புகாரும் வேண்டும், வெயிலும் வேண்டும், மழை கூடாது. மூன்றும் சரியாக அமையாத ஆண்டுகளில் இக்கெம் வெளியிடுவதில்லை. 20 ஆம் நூற்றாண்டில் இப்படி விடுபட்டவை ஒன்பது: 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992. இந்த நூற்றாண்டில் 2012. அந்த ஆண்டு ஒக்டோபர் மழையில் அறுவடை கெட்டது. இக்கெமின் பெயருக்குத் தகுதியான வைன் இல்லை என்று டிசம்பரில் நிர்வாகப் பொறுப்பாளர் பியேர் லூர்தோன் அறிவித்தார். அருகிலுள்ள ரியூசெக், சுதுய்ரோ ஆகிய பெரிய தோட்டங்களும் அதே முடிவை எடுத்தன.

இதை நேர்மை என்று சொல்வதா, வியாபாரத் தந்திரம் என்று சொல்வதா? 1785 இல் ஒரு திருமணத்தின் வழியாக லூர்-சலூஸ் குடும்பத்திடம் வந்த இந்தச் சொத்து, 1999 இல் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச்சின் கைக்குப் போனது. ஒரு ஆண்டின் விற்பனையை விடுவது பெரிய இழப்பு. அப்படி விடுவதுதான் மற்ற ஆண்டுகளின் விலையைத் தாங்கி நிறுத்துகிறது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1855 இல் நெப்போலியன் III காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வைன்களைத் தரம் பிரித்தபோது, "மேன்மையான முதல் தரம்" என்ற தனிப் படியில் வைக்கப்பட்ட ஒரே வைன் இது. அந்தப் படியில் நிற்பவர் கண்டதையும் போத்தலில் அடைத்து விற்க முடியாது.

ஆண்டுகளை ஒப்பிடும்போது

புதிதாக வாங்குபவர் அதிகம் வழுக்கி விழும் இடம், போர்தோவின் சிவப்பு வைனுக்கான தர அட்டவணையைப் பார்த்து இக்கெம் வாங்குவது. 2000 சிவப்புக்குக் கொண்டாடப்பட்ட ஆண்டு. ஆனால் சிவப்புத் திராட்சை பறித்து முடிந்த பிறகு பெய்த மழை சோதேர்னைக் கெடுத்தது. அடுத்த ஆண்டு தலைகீழ்: சிவப்பில் 2000 இன் நிழலில் நின்ற 2001, சோதேர்னில் தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஆண்டு. அமெரிக்க விமர்சகர் ரொபர்ட் பார்க்கர் 2001 இக்கெமுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தார். விலையும் அதற்கேற்ப ஏறியது. 1967, 2007, 2013 ஆகியவையும் சிவப்புக்குச் சுமாராகவோ மோசமாகவோ இருந்து, இனிப்பு வெள்ளைக்கு நன்றாக அமைந்தவை. பெயர் கேட்டாலே முகம் சுளிக்கப்படும் ஆண்டில் நல்ல சோதேர்ன் சற்று மலிவாகக் கிடைப்பது இதனால்தான்.

நல்ல ஆண்டுகளுக்குள்ளும் ஒன்று போல ஒன்று இல்லை. 1988, 1989, 1990 என்று அடுத்தடுத்து மூன்று பெரிய ஆண்டுகள் வந்தன. 1988 மெதுவாகப் பழுத்த, பூஞ்சணம் பிந்தி வந்த ஆண்டு; அதன் வைன் இறுக்கமானது, புளிப்புத் தூக்கலானது. 1989 உம் 1990 உம் வெயில் ஆண்டுகள்; தடிப்பும் இனிப்பும் கூட. பிந்திய ஆண்டுகளில் 2009 உம் 2015 உம் இந்தச் செழிப்பான வரிசையில் வரும். 2014 புளிப்பு நிமிர்ந்து நிற்கும் ஆண்டு. பாரிஸில் ஒரு கடையில் 2014 ஐயும் 2015 ஐயும் சிறு அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்த்தேன். 2015 வாயை நிறைத்தது: தேன், உலர்ந்த அப்ரிகாட், பழுத்த அன்னாசி. முதல் மிடறில் அதுதான் வென்றது. மூன்றாம் மிடறில் என் கை 2014 பக்கம் போனது. தோடம்பழத் தோலின் மெல்லிய கசப்பும் எலுமிச்சையின் வெட்டும் அதில் இருந்தன. இனிப்பு நாக்கில் தங்காமல் இறங்கியது. இந்த வைனில் இனிப்பைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை, அது எப்படியும் இருக்கும். புளிப்பு எப்படி என்றுதான் கேட்க வேண்டும். நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவருக்கு அது இன்னும் முக்கியம்.

காலம் செய்யும் மாற்றமும் கணக்கில் வர வேண்டும். எங்கள் ஊர்க் கள் மாலைக்கு மேல் தாங்காது. இது நூறு ஆண்டு தாங்கும். இளமையில் வெளிர் பொன், இருபது முப்பது ஆண்டுகளில் ஆழ்ந்த பொன், பிறகு தேயிலைச் சாயத்தின் நிறம். பழ வாசனை குறைந்து, குங்குமப்பூ, கருக்கிய சீனி, விதை வகைகளின் வாசனை வரும். உலர் வெள்ளை வைன் பழுப்பானால் கெட்டுப்போன அடையாளம்; இங்கே அது வயதின் நிறம். ஆனால் 2009 போத்தல் ஒன்று 1959 போத்தலின் நிறத்தில் இருந்தால், அது எங்கோ சூட்டில் கிடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கடையில் நிற்கும்போது

அத்தானுக்கு முதலில் காட்டப்பட்டதே தவறான போத்தல்தான். "2012 இருக்கிறது" என்று ஒரு விற்பனையாளர் படம் அனுப்பினார். மேலட்டையில் ஒரே ஓர் எழுத்து: Y என்பதற்கான பிரெஞ்சுப் பெயரால் "இக்ரெக்" என்று அழைக்கப்படும் வைன். இதுவும் இக்கெம் தோட்டத்தில் செய்யப்படுவதுதான். 1959 இல் தொடங்கி, 2004 முதல் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆனால் இது உலர் வெள்ளை வைன். சோதேர்ன் என்ற பெயரே இதற்குக் கிடையாது. சாதாரண போர்தோ வெள்ளை என்ற வகுப்பில்தான் விற்கப்படுகிறது. நல்ல வைன்தான், ஆனால் அத்தான் தேடியது அதுவல்ல. விற்பனையாளர் பொய் சொல்லவும் இல்லை, முழுவதையும் சொல்லவும் இல்லை.

பழைய ஆண்டு வாங்குபவர் ஆண்டைப் பார்ப்பதற்கு முன் போத்தலின் வரலாற்றைக் கேட்க வேண்டும். எங்கே கிடந்தது? எத்தனை கை மாறியது? 12 பாகை செல்சியஸ் அளவில், இருட்டில், தக்கை காயாத ஈரப்பதத்தில், படுக்கையாகக் கிடந்த சுமாரான ஆண்டு, வெயில்படும் அலமாரியில் நின்ற புகழ்பெற்ற ஆண்டைவிட மேல். போத்தலுக்குள் வைனின் மட்டம் கழுத்துவரை இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியாகக் காற்று போயிருக்கிறது. ஏலத்தில் வாங்குவதானால், கோரும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 வீதத்தைத் தாண்டலாம். மலிவு என்று நினைத்தது அங்கே கரைந்துவிடும்.

மிகப் பழைய போத்தல்கள் நம் கைக்கு எட்டாதவை என்றாலும் அவற்றின் கதை தெரிந்திருப்பது நல்லது. வால்வெள்ளி தோன்றிய 1811 ஆம் ஆண்டின் இக்கெம் போத்தல் ஒன்று 2011 இல் 75,000 பவுண்ஸுக்கு விற்கப்பட்டது. வெள்ளை வைனுக்கு அது அன்றைய உலக சாதனை. மறுபக்கத்தில், அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனுடையவை என்று சொல்லி 1980 களில் ஜேர்மன் சேகரிப்பாளர் ஹார்டி ரோடன்ஸ்டாக் சந்தைக்குக் கொண்டுவந்த 18 ஆம் நூற்றாண்டுப் போத்தல்கள். அவற்றுள் இக்கெமும் இருந்தது. ஜெபர்சன் உண்மையிலேயே இக்கெம் வாங்கியவர் என்பதால் கதை எளிதாக எடுபட்டது. சிலவற்றை வாங்கிய கோடீஸ்வரர் பில் கோக் பின்னர் அமர்த்திய நிபுணர்கள், கண்ணாடியில் இருந்த பெயரெழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்றார்கள். ரோடன்ஸ்டாக் கடைசிவரை மறுத்தார்.

நம்மைப் போன்றவர்களுக்கு உகந்தது 375 மில்லிலீற்றர் அரைப் போத்தல். விலை ஏறத்தாழப் பாதி. இனிப்பு வைன் என்பதால் ஆறு பேருக்குச் சிறு கிளாஸில் காணும். முழுப் போத்தலைவிடச் சற்று விரைவாக முதிரும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். பெயர் முக்கியமில்லை என்பவர் பக்கத்துத் தோட்டங்களின் வைனைத் தயங்காமல் வாங்கலாம். சுதுய்ரோ, ரியூசெக், கூத்தே போன்றவை அதே புகாரில், அதே பூஞ்சணத்தில் விளைந்தவை. விலை இக்கெமின் சிறு பங்குதான். பார்சாக்கில் கூத்தே உட்படச் சில தோட்டங்கள் 2012 இலும் வைன் செய்தன.

இதையெல்லாம் ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. கூத்தே 2012 வாங்கலாமே என்றேன். தான் குடித்துப் பார்த்தது அதில்லையே என்றார். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு கோப்பை கழுவிய அக்காதான் திரும்பிப் பார்த்தாள்.

"2011 அறுவடை எப்ப நடந்தது?"

"செப்டெம்பரில்" என்றேன்.

"அப்ப அவள் என்ர வயித்துக்குள்ள. அஞ்சு மாசம். 2011 ஐ வாங்குங்கோ."

2011 சோதேர்னுக்கு நல்ல ஆண்டு. புளிப்பும் போதிய அளவு உண்டு. அடுத்த கிழமை அத்தானும் நானும் போய் ஓர் அரைப் போத்தல் வாங்கினோம். அவர்களுடைய குடியிருப்பின் நிலவறையில் சூடாக்கும் குழாய் போகிறது என்பதால், அதை அத்தானோடு வேலை செய்யும் ஒருவரின் வீட்டு நிலவறையில் படுக்கப் போட்டிருக்கிறார்கள். கடைப் பற்றுச்சீட்டில் வாங்கிய தேதியையும் வைத்த இடத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். அத்தான் இரண்டு பிரதி எடுத்துவிட்டார்.