கல்விச் சலுகை யாருக்கு உரியது?

அமெரிக்காவில் ஆப்பிள் தன் கல்விக் கடைக்கு வகுத்த நிபந்தனைகள் நீளமானவை அல்ல. ஆனாலும் விலையைப் பார்த்தவர்கள் அவற்றைப் படிப்பது அபூர்வம். 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர் அப்போது வெளிக்கடையில் 999 டாலர், கல்விக் கடையில் 899 என விற்கப்பட்டது. அந்த நூறு டாலர் யாருக்குச் சேரும் என்று சொல்லும் விதிகளின் சாரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பள்ளியில் பணிபுரியும் எவரும் வாங்கலாம்.

'எவரும்' என்பதால் ஆசிரியர் மட்டுமல்ல. பள்ளியின் சம்பளப் பட்டியலில் இருந்தால் மதிய உணவு சமைப்பவரும், வகுப்பறையைப் பெருக்குபவரும், அலுவலக எழுத்தரும் இதில் அடக்கம். பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்களும் பெற்றோர்-ஆசிரியர் சங்க நிர்வாகிகளும்கூட உண்டு. நூறு டாலர் பெரிதாகத் தெரிவது சமையலறை ஊழியருக்குத்தான். இந்தச் சலுகை தனக்கும் உண்டென்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கல்லூரியில் படிப்பவர், இடம் கிடைத்தவர், அவர்களுக்காக வாங்கும் பெற்றோர்.

பள்ளி ஊழியர் எல்லோரும் உள்ளே இருக்க, பள்ளி மாணவர் மட்டும் வெளியே நிற்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு உரிமை பிறப்பது கல்லூரிச் சேர்க்கை உறுதியாகும்போதுதான். 'இடம் கிடைத்தவர்' என்று சேர்த்ததில் ஒரு வசதி இருக்கிறது: வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கூடுதல் இலவசங்களோடு வரும் கோடை விற்பனையிலேயே வாங்கிவிடலாம்.

சென்னையிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்கும் இதே உரிமை உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா முன்கூட்டியே வாங்கி வைக்கிறேன் என்பார். விதி சொல்வது பெற்றோரை மட்டும். மாமாவும் சித்தியும் அதில் வரமாட்டார்கள். போய் இறங்கியபின் மாணவர் தானே வாங்குவதுதான் முறை.

மாணவர்களுக்கு விலை குறைக்கும் இந்த வழக்கத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். 1984இல் மேகின்டாஷ் 2,495 டாலருக்கு வந்தபோது, 24 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் வழியே அது மாணவர்களைச் சென்றடைந்தது. டிரெக்சல் பல்கலைக்கழக மாணவர்கள் கொடுத்தது ஏறக்குறைய ஆயிரம் டாலர்தான். அன்று பாதிக்கு மேல் குறைத்தார்கள். 2025இல் எம்4 மேக்புக் ஏருக்குக் குறைத்தது பத்தில் ஒரு பங்கு. கல்வியின் பெயரால் விற்பவர்கள் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு மடிக்கணினி, ஒரு மேசைக் கணினி, இரண்டு ஐபேட்.

வாங்கி விற்பவர்களைத் தடுக்கும் வரம்பு இது. ஒரு மாணவருக்கு இதுவே அதிகம்.

தகுதியைப் பின்னர் சரிபார்க்கலாம். தகுதி இல்லையேல் விலை வித்தியாசம் வசூலிக்கப்படும்.

முதலில் நம்பு, பிறகு கேள் என்ற ஏற்பாடு. 2022 ஜனவரியில் யூனிடேஸ் என்னும் சேவை வழியாக முன்கூட்டியே சரிபார்க்கத் தொடங்கி, சில நாட்களிலேயே அதைக் கைவிட்டார்கள். அடையாள அட்டை கேட்காத கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சிலர் துணிந்து சொல்கிறார்கள். அது தவறு. கேட்காமல் விட்டாலும் விதி விதிதான். பலர் இப்படி எடுத்துக்கொண்டால், நாளை அட்டை இல்லாத பள்ளி ஊழியர்தான் வாசலில் நிற்க வேண்டிவரும்.

இந்த விதிகளுக்குள் வராத ஒன்றும் உண்டு. ஆப்பிளே பழுது நீக்கி, ஓராண்டு உத்தரவாதத்தோடு விற்கும் கணினிகள் பெரும்பாலும் 15 சதவீதம் வரை மலிவு. அவற்றுக்குக் கல்விச் சலுகை சேராது, தகுதியும் தேவையில்லை. கையில் பணம் குறைவாக இருக்கும் மாணவர் அங்கே பார்த்துவிட்டுக் கல்விக் கடைக்கு வரட்டும்.