வாரம் ஒரு முறையா, தினமுமா? - எடை பார்த்த கதை

உடம்பைக் குறைக்க முடிவு செய்தவர்கள் முதலில் செய்யும் காரியம் எடை இயந்திரம் ஒன்றை வாங்குவது. இரண்டாவது காரியம், அதன் மேல் அடிக்கடி ஏறி இறங்குவது. காலையில் 78.4 கிலோ. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 79.3. இரவில் 79.6! நாள் முழுக்க வாயைக் கட்டியும் எடை ஏறிவிட்டதே என்று மனம் வெறுத்துப்போய், மறுநாள் காலையில் ஆறு பூரி. வீட்டுக்கு வீடு நடக்கும் கதைதான் இது.

அப்படியானால் எத்தனை நாளைக்கு ஒரு முறை எடை பார்க்க வேண்டும்? தினமும் பார் என்கிறார் ஒருவர். வாரம் ஒரு முறை போதும் என்கிறார் இன்னொருவர். மெஷினைத் தூக்கிப் பரணில் போடு என்பவரும் உண்டு. மனிதன் தன் உடம்பை நிறுத்துப் பார்க்கத் தொடங்கிய கதையைக் கொஞ்சம் புரட்டினால், இந்தச் சண்டைக்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

அரசரின் தராசும் மருத்துவரின் தராசும்

ஆளைத் தராசில் உட்கார வைப்பது நமக்குப் புதிதல்ல. துலாபாரம் இன்றும் கோயில்களில் நடக்கிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஆண்டுக்கு இரண்டு முறை எடை பார்த்துக்கொண்டார். சூரியக் கணக்கில் வரும் பிறந்தநாளுக்கு ஒன்று, சந்திரக் கணக்கில் வரும் பிறந்தநாளுக்கு ஒன்று. எதிர்த்தட்டில் பொன், வெள்ளி, பட்டு, தானியம் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். அதெல்லாம் தானமாகப் போகும். 1615 முதல் 1619 வரை இந்தியாவில் இருந்த ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோ இந்த விழாவைத் தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தராசில் எடை கூடினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அரசர் நலமாக இருக்கிறார், தானமும் அதிகம்!

ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியில் ஒரு மருத்துவர் வேறு நோக்கத்தோடு தராசில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் சான்டோரியோ சான்டோரியோ (1561-1636). ஊர் பதுவை. புனித அந்தோணியார் பெயரோடு சேர்த்து நம்மவர்களுக்குத் தெரிந்த அதே பதுவைதான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவப் பேராசிரியர். பெரிய தராசுக் கோல் ஒன்றிலிருந்து ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடி சாப்பிட்டார். சாப்பிடுவதற்கு முன் எடை, பின் எடை, உண்ட உணவின் எடை, குடித்த நீரின் எடை, வெளியேறிய கழிவின் எடை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல ஆண்டுகள்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் உதைத்தது. உள்ளே போனது எட்டுப் பங்கு என்றால், அதில் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாமலே காணாமல் போயிருந்தது. உணரப்படாத வியர்வையாக அது வெளியேறுகிறது என்றார் அவர். 1614-ல் வெளியான அவருடைய நூலின் மையக் கருத்து இதுதான். இன்று நமக்குத் தெரியும், அதில் ஒரு பகுதி தோல் வழியாகப் போகும் நீர். இன்னொரு பகுதி மூச்சு. 2014-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இந்தக் கணக்கை இன்னும் தெளிவாக்கினார்கள். உடம்பில் 10 கிலோ கொழுப்பு கரைந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது.

சான்டோரியோ ஒரே நாளில் பலமுறை எடை பார்த்தார். ஆனால் அவர் இளைப்பதற்காகப் பார்க்கவில்லை. ஒரு நாளுக்குள் உடம்பின் எடை எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதனால் அந்த ஏற்ற இறக்கம் அவருக்குத் துக்கம் அல்ல, செய்தி.

காப்பிக் கடைத் தராசு

அடுத்த நூற்றாண்டில் லண்டனில் எடை பார்ப்பது ஒரு நாகரிகமாக மாறியது. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இன்றைக்கும் இருக்கும் பெர்ரி பிரதர்ஸ் என்ற கடை, இப்போது ஒயின் வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. அப்போது காப்பி, தேயிலை விற்றுக்கொண்டிருந்தது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே இருந்ததால், 1765 முதல் வாடிக்கையாளர்களும் அதில் உட்கார்ந்து எடை பார்த்தார்கள். அந்த எடைகளைக் கடைக்காரர்கள் பேரேட்டில் எழுதி வைத்தார்கள்.

அந்தப் பேரேட்டில் கவிஞர் பைரன் பிரபுவின் பெயரும் உண்டு. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த 1806-ல் அவருடைய எடை 13 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது சுமார் 88 கிலோ. 1811-ல் பார்த்தால் 20 கிலோவுக்கும் மேல் குறைந்திருந்தது. அந்த இளைப்புக்குப் பின்னால் பட்டினியும், வினிகரில் ஊறிய உருளைக்கிழங்கும், உடம்பு பெருத்துவிடுமோ என்ற ஓயாத பயமும் இருந்தன. பேரேட்டில் எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த எண் எப்படி வந்தது என்பதைத் தராசு ஒருநாளும் சொல்வதில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை

எடைக் குறைப்பின் வரலாற்றில் மறக்க முடியாத ஆள் வில்லியம் பான்டிங் (1797-1878). லண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் குடும்பத் தொழில். அரச குடும்பத்து இறுதி ஊர்வலங்களே இவர்கள் பொறுப்பில்தான் நடந்தன. உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஆகஸ்டில் எடை 202 பவுண்டு (ஏறத்தாழ 92 கிலோ). குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது!

காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். (ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி இவர் அல்ல, பெயர் ஒற்றுமை.) காதுக்கு ஒன்றுமில்லை, கொழுப்புதான் பிரச்சினை என்ற மருத்துவர், ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடச் சொன்னார். ஓராண்டில் பான்டிங் 46 பவுண்டு குறைந்தார். அந்த அனுபவத்தை 1863-ல் சிறு நூலாகத் தன் செலவில் அச்சடித்து இலவசமாகவே கொடுத்தார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே ஒரு வினைச்சொல் ஆனது. சுவீடன் மொழியில் உடம்பைக் குறைப்பதற்கு இன்றும் 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த நூலில் ஓர் எடை அட்டவணை இருக்கிறது. செப்டம்பர் 7, செப்டம்பர் 27, அக்டோபர் 19, நவம்பர் 9... கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு ஒரு பதிவு. பெரும்பாலானவற்றில் இரண்டு, மூன்று அல்லது நான்கு பவுண்டு குறைவு. எங்கேயும் ஏற்றமே இல்லை!

இங்கே சின்னதாக ஒரு கணக்கு. 46 பவுண்டு என்பது சுமார் 21 கிலோ. அதை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 57 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரே 200 கிராம். அதாவது தராசில் ஏறுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால், மூன்று நாள் உழைப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். பான்டிங் தினமும் எடை பார்த்திருந்தால் அவருடைய அட்டவணையும் மேலும் கீழும் ஆடியிருக்கும். மூன்று வாரத்தில் உண்மையான குறைவு ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். தண்ணீரின் விளையாட்டால் அதை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. அவருடைய தைரியம் குலையாமல் இருந்ததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

காசு போட்டால் எடை, கூடவே ஜோசியம்

1880களில் காசு போட்டால் இயங்கும் எடை இயந்திரங்கள் வந்தன. ரயில் நிலையம், கடைவீதி என்று எங்கும் நின்றன. நம் ஊர் ரயில் நிலையங்களிலும் தியேட்டர்களிலும் சிவப்பு, பச்சை விளக்குகள் மின்ன நின்ற இயந்திரத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். காசைப் போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். பெரும்பாலானோர் முதலில் படித்தது பலனைத்தான்!

1920களில் அமெரிக்காவில் எடை இயந்திரம் குளியலறைக்குள் நுழைந்தது. முதன்முறையாக, நினைத்தபோதெல்லாம் தனியாக, இலவசமாக எடை பார்க்க முடிந்தது. ஜோசிய அட்டை போய்விட்டது. ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. எண்ணையே பலனாகப் படிக்க ஆரம்பித்தார்கள். குறைந்திருந்தால் இன்று நல்ல நாள், கூடியிருந்தால் கெட்ட நாள்.

'வாரம் ஒரு முறை' என்ற வழக்கம் பரவியதில் பெரும் பங்கு ஜீன் நைடெட்ச் (1923-2015) என்ற நியூயார்க் இல்லத்தரசிக்கு உண்டு. 1961-ல் அவருடைய எடை 214 பவுண்டு. நகர சுகாதாரத் துறையின் மருத்துவமனையில் உணவுத் திட்டம் கொடுத்தார்கள். ஆனால் குளியலறையில் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்னும் பழக்கத்தை அவரால் அங்கே சொல்ல முடியவில்லை. அதனால் குண்டாக இருந்த தோழிகளை வீட்டுக்கு அழைத்து மனம் விட்டுப் பேசினார். அந்தக் கூட்டம் 1963-ல் 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற நிறுவனமாகி உலகம் முழுக்கப் பரவியது. வாரம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு எடை. ஏழு நாள் என்ற இடைவெளி உடம்பைப் பார்த்து வைத்ததை விட, கூட்டத்துக்கு வசதியாக இருந்ததால் நிலைத்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நாள் எடையில் என்ன இருக்கிறது?

வயிற்றில் இருக்கும் உணவு, குடித்த தண்ணீர், உப்பு பிடித்து வைத்திருக்கும் நீர், பெண்களுக்கு மாதவிலக்கையொட்டிச் சேரும் நீர் எல்லாமே அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சுமார் அரை கிலோ சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ 'மளமள'வென்று இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். மறுபடி ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் திரும்பி வருவதும் இதுதான். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர்ந்துவிடாது.

ஆராய்ச்சிகள் சொல்வது

1994-ல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற ஆய்வாளர்கள் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைத் தக்க வைத்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம். அவர்களில் சுமார் 75 சதவீதம் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். ஆனால் எடை பார்த்ததால் இளைத்தார்களா, இளைத்த மகிழ்ச்சியில் எடை பார்க்கிறார்களா என்பதை இது சொல்லாது.

2006-ல் வெளியான விங் குழுவினரின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஏற்கெனவே எடை குறைத்திருந்த 314 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அவ்வப்போது செய்திமடல் மட்டும். மற்ற இரண்டு குழுக்களுக்கு, ஒன்றுக்கு நேரிலும் மற்றொன்றுக்கு இணையம் வழியாகவும், தினமும் எடை பார்க்கவும் அந்த எண்ணை வைத்து என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை என்றால் அப்படியே தொடரலாம். மஞ்சள் என்றால் எங்கே தவறுகிறது என்று பார்க்க வேண்டும். 2.3 கிலோவோ அதற்கு மேலோ கூடினால் சிவப்பு. மறுபடி முழு உணவுக் கட்டுப்பாடு. 18 மாதம் கழித்து, 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் திரும்ப ஏறியவர்கள் செய்திமடல் குழுவில் 72.4 சதவீதம், இணையக் குழுவில் 54.8 சதவீதம், நேரடிக் குழுவில் 45.7 சதவீதம்.

இதில் முக்கியமானது தினமும் பார்த்தது மட்டும் அல்ல. பார்த்த பிறகு என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருந்ததும்தான். வேறு எந்த உதவியும் தராமல் 'தினமும் எடை பாருங்கள்' என்று மட்டும் சொல்லி, 2014-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மினசோட்டாவில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், அடிக்கடி எடை பார்க்கும் பெண் பிள்ளைகளிடம் சாப்பாட்டைத் தவிர்ப்பது போன்ற கெட்ட வழிகளும் அதிகம் காணப்பட்டன. எடை கூடியதைக் கண்டு பட்டினி கிடப்பவர்களுக்குத் தினசரி எடை மருந்தல்ல. பைரன் பிரபுவின் கதை இன்றும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முடிவாக...

எத்தனை முறை என்பது, எண்ணைப் படிக்கும் விதத்தைப் பொறுத்தது. சான்டோரியோ மாதிரி ஏற்ற இறக்கத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தவர்கள் தினமும் பார்க்கலாம். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன் பார்ப்பது நல்லது. ஏழு நாள் எடையையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் போதும். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட வேண்டியதே இல்லை. அந்த நிதானம் இல்லாதவர்களுக்கு வாரம் ஒரு முறை போதும், பான்டிங் மாதிரி மூன்று வாரத்துக்கு ஒரு முறை பார்த்தாலும் குறை ஒன்றுமில்லை. எண்ணைப் பார்த்தாலே சாப்பாடு இறங்காதவர்கள், எடையை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

ஒரு நாளைக்கு 57 கிராம். அவ்வளவுதான் பான்டிங்கின் சாதனை. அதைக் காட்டும் அளவுக்கு நுணுக்கமான எடை இயந்திரம் இன்று வந்திருக்கலாம், ஆனால் அவ்வளவு அசையாமல் நிற்கும் உடம்பு யாருக்கும் இல்லை.