குளிர்ந்த காப்பியின் கதை

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பது நம் பழமொழி. கஞ்சிக்குச் சொன்ன இவ்விதியை நம் வீட்டுப் பெரியோர் காப்பிக்கும் விரித்துக்கொண்டனர். இல்லம் தேடி வந்தவர்க்கு ஆறிய காப்பியைக் கொடுப்பது தமிழ் வீட்டில் ஏறத்தாழ அவமதிப்புக்குச் சமம். ஆவி பறக்கவேண்டும், நுரை ததும்பவேண்டும், டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் இரண்டு முறையேனும் ஆற்றவேண்டும். அங்ஙனம் ஆற்றுவதுகூட ஆறிப்போவதற்காக அன்று. நாக்குப் பொறுக்கும் சூட்டில் அருந்துவதற்காகவே.

இத்தகைய இல்லங்களில் பிறந்து, தில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழ்கின்றவர்கள் நாம். மே மாதத்து நண்பகலில் அனற்காற்று வீசும்போது, வெயிலில் வாடி வீடு திரும்பும் பிள்ளை நம்மிடம் கேட்பது சூடான காப்பி அன்று. 'கோல்டு காபி' வேண்டும் என்கிறது. காப்பி, பால், சர்க்கரை, பனிக்கட்டி, அதன்மேல் மிதக்கும் ஓர் உருண்டை ஐஸ்கிரீம். "இது காப்பியா, பாயசமா?" என்று பாட்டி கேட்கிறார். பிள்ளை சிரிக்கிறது, பாட்டி முகம் சுளிக்கிறார். நடுவில் நிற்கும் நமக்கோ எந்தப் பக்கம் பேசுவதென்று விளங்கவில்லை. வெளிமாநிலத்துக்கு வந்ததனால் நம் மரபில் ஒன்று கழன்று விழுந்துவிட்டதோ என்ற ஐயம் மட்டும் மனத்தில் எழுகிறது.

இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, அந்த டம்ளரில் உள்ள பொருள்கள் எவ்வெவ்விடத்திலிருந்து வந்தவை என்று சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதலில் காப்பி. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபித் துறவியர், இரவெல்லாம் கண்விழித்து இறைவனைத் தொழுவதற்குத் துணையாக இப்பானத்தை அருந்தினர். பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியார் ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, இன்றைய கருநாடகத்துச் சிக்கமகளூரு மலையில் விதைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமே காப்பி தமிழ் வீடுகளின் அடுக்களைக்குள் நுழைந்தது.

நுழைந்தபோது அதற்கு நல்வரவேற்புக் கிடைத்ததா? இல்லை. உடல்நலத்தைக் கெடுக்கும் என்றனர். பணத்தைக் கரைக்கும் என்றனர். அந்நிய நாகரிகம் என்றனர். இப்பூசலின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காப்பி எதனை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது என்பதே நாம் கருதவேண்டிய செய்தி. காலையில் நம் முன்னோர் அருந்தியது நீராகாரம். இரவில் வடித்த சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் தெளிவாக எடுத்த குளிர்ந்த பானம். குளிர்ந்ததை விரட்டிவிட்டு வந்த சூடான புதுவரவுதான் இன்று நமக்கு மரபாகத் தோன்றுகிறது! அன்று நீராகாரத்துக்காக வருந்திய பாட்டியின் இடத்தில் இன்று சூடான காப்பிக்காக வருந்தும் பாட்டி அமர்ந்திருக்கிறார். இருவர் வருத்தமும் உண்மையானதே.

அடுத்து, பனிக்கட்டி. இந்நாட்டில் இதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அக்பர் அவையில் வெடியுப்புக் கரைத்த நீரில் குடுவையை அமிழ்த்திச் சுழற்றித் தண்ணீரைக் குளிரவைத்தனர் என்று அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். 1586-இல் அரசவை பஞ்சாபுக்கு மாறியபின் வடமலைகளிலிருந்து பனியும் பனிக்கட்டியும் இலாகூருக்கு வரத்தொடங்கின. கங்கைச் சமவெளியில் ஏழை உழைப்பாளிகள் வேறொரு வழி கண்டனர். அலகாபாத்துப் பகுதியில் அவர்கள் கையாண்ட முறையை இராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் 1775-இல் எழுதிவைத்தார். குளிர்காலத்தில் ஆழமில்லாப் பள்ளம் வெட்டுவர். அதில் கரும்புத்தட்டையும் சோளத்தட்டையும் பரப்புவர். அதன்மேல் சிறு மண்சட்டிகளை வரிசையாக அடுக்கி, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றுவர். தெளிந்த வானமும் அசையாத காற்றும் வாய்த்த இரவில், சட்டி நீர் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து உறைந்துவிடும். கதிரவன் எழுமுன் அதனைத் திரட்டிக் குழியில் இட்டு, வைக்கோலால் மூடிக் கோடைக்குச் சேமிப்பர். இரவெல்லாம் குளிரில் நின்று உழைத்தவர் ஒருவர். கோடையில் அருந்தியவர் வேறொருவர்.

தென்னாட்டுக் கடற்கரைக்கு இந்த வழி ஏது? அங்கு உறைபனி விழும் இரவு இல்லை. ஆகவே பனிக்கட்டி கப்பலேறி வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1833-இல் 'டஸ்கனி' என்னும் கப்பலில் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது வாளால் அறுத்தெடுத்த கட்டிகள் அவை. மரத்தூளே அவற்றுக்குப் போர்வை. நான்கு திங்கள் கடலில் மிதந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வந்த அச்சரக்கில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் கல்கத்தாவை அடைந்தது.

சென்னையில் 1842-இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இதற்கென்றே ஒரு வட்டமான மாளிகை எழுந்தது. அதுவே 'ஐஸ் ஹவுஸ்'. 1897-இல் விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பியபோது ஒன்பது நாள் தங்கியதும், இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுவதும் அக்கட்டடமே. பனிக்கட்டி போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் அழைக்கின்றனர். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1854-இல் வெளியிட்ட 'வால்டன்' என்ற நூலில், தம் குடிசையருகே இருந்த குளத்தின் நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்கள் பருகுவதாக எண்ணி வியந்திருக்கிறார். அவர் வியந்தாரே ஒழிய, அந்நீரைப் பருகியவர் வெள்ளை அதிகாரிகளும் சில செல்வருமே. மாளிகையைக் கட்டிய கைகளுக்கு அதன் உள்ளிருந்த குளிர்ச்சி எட்டவில்லை. 1870-களில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் இந்திய நகரங்களில் தோன்றிய பின்னரே கப்பல் வணிகம் மடிந்தது. பனிக்கட்டி சிறுகச் சிறுகத் தெருவுக்கு இறங்கி வந்தது.

மூன்றாவது, இனிப்பு. பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலமும் சேர்த்து, கூம்பு வடிவக் குப்பியில் அடைத்து, உப்புக் கலந்த பனிக்கட்டி நிறைந்த பானையில் புதைத்து உறையவைக்கும் குல்ஃபி வடநாட்டுக் கைவண்ணம். பனிக்கட்டியில் உப்பிடுவது ஏன்? உப்பு, நீரின் உறைநிலையைத் தாழ்த்திவிடுகிறது. பானைக்குள் வெப்பம் சுழியத்துக்கும் கீழே சென்று, சமையலுப்பால் மட்டும் கழித்தல் 21 பாகை வரை இறங்கக்கூடும். அக்குளிரில்தான் இனிப்புப் பால் இறுகும். இதே உண்மையைக் கொண்டுதான் அமெரிக்க மங்கை நான்சி ஜான்சன் 1843-இல் கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் பொறிக்கு உரிமம் பெற்றார். தில்லித் தெருவில் பானையைச் சுமந்து செல்லும் குல்ஃபிக்காரர் எந்த உரிமமும் கேட்டதில்லை.

இம்மூன்றும் ஒரே கோப்பையில் கூடியது எப்போது? பல நாடுகளில் பல முறை. அல்ஜீரியாவில் மசாகிரான் கோட்டையில் 1840-இல் போரிட்ட பிரெஞ்சுப் படைவீரர் அருந்தியதாகச் சொல்லப்படும் குளிர்ந்த காப்பி, அக்கோட்டையின் பெயராலேயே ஐரோப்பாவில் பரவிற்று. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் குளிர்ந்த காப்பியில் ஐஸ்கிரீமை மிதக்கவிட்டு, கடைந்த பாலாடையை மேலே சூட்டினர். இத்தாலியர் உறைந்த இனிப்பின்மேல் சூடான காப்பியையே ஊற்றி, 'மூழ்கியது' என்று பொருள்படும் 'அஃபோகாத்தோ' என்ற பெயரை இட்டனர்.

நம் நாட்டில் இதனைப் பொதுமக்களிடம் சேர்த்ததில் காப்பி இல்லங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1930-களில் உலக வணிகம் சுருங்கி விலை சரிந்தபோது, விளைந்த காப்பியை உள்நாட்டிலேயே விற்கவேண்டிய நிலை தோன்றிற்று. 1935-இல் காப்பித் தீர்வைச் சட்டம் வந்தது. அதன்வழி அமைந்த குழு 1936-இல் பம்பாய்ச் சர்ச்கேட்டில் முதல் காப்பி இல்லத்தைத் திறந்தது. பின்னர் நாடெங்கும் கிளைகள் தோன்றின. 1950-களின் நடுவில் காப்பி வாரியம் அவற்றை மூட முற்பட்டபோது, வேலை இழந்த பணியாளர் ஏ. கே. கோபாலன் தலைமையில் ஒன்றுதிரண்டனர். 1957-இலிருந்து தங்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை நிறுவி, அவ்வில்லங்களைத் தாங்களே நடத்தலாயினர். பரிமாறியவரே உரிமையாளரும் ஆன கதை இது! கொல்கத்தாக் கல்லூரிச் சாலையில் மாணவர்கள் சில்லறையைச் சேர்த்து வாங்கிப் பகிர்ந்து குடித்த பாலாடைக் குளிர்காப்பிக்குப் பின்னால் இவ்வுழைப்பாளர் கூட்டமும் நிற்கிறது.

1958-இல் இந்தியாவில் குளிர்பெட்டி உற்பத்தி தொடங்கியபின், பனிக்கட்டி கடைசியாக நம் வீட்டுக்குள்ளும் வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, கொரிய நாட்டுச் சர்க்கரை மிட்டாயின் பெயரால் 'தல்கோனா' காப்பி என்ற ஒன்று நாடெங்கும் பரவிற்று. உடனடிக் காப்பித்தூளையும் சர்க்கரையையும் சிறிது வெந்நீரில் நுரை பொங்கக் கடைந்து, குளிர்ந்த பாலின்மேல் இடுவதே அது. இதனைக் கண்ட வடநாட்டு இல்லத்தரசியர் நகைத்தனர். ஏனெனில், கரண்டியால் கைசோர அடித்துச் செய்யும் அதே நுரைக் காப்பியை அவர்கள் நெடுங்காலமாகத் தம் வீடுகளில் செய்துவருகின்றனர்.

இவ்வளவும் கூறுவதன் நோக்கம் பாட்டியைத் தோற்கடிப்பது அன்று. அவர் அஞ்சுவதில் ஒரு பாதி உண்மை உண்டு. சூடு போவதனால் நமக்கு இழப்பில்லை. டிகாக்ஷன் போனால்தான் இழப்பு. குப்பியைத் திறந்து ஒரு கரண்டித் தூளைக் கலக்கிவிடும் பழக்கம் ஊன்றிவிட்டால், பரணில் ஏறும் பில்டர் மீண்டும் இறங்காது. சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷனுக்காகக் காத்திருக்கும் பொறுமையும், அதன் மணத்தால் வீடு விழித்தெழும் காலையும் அதனோடு போய்விடும். ஆகவே, பிள்ளை கேட்கும் குளிர்காப்பியைப் பாட்டியின் பில்டரிலிருந்தே செய்து கொடுப்போம்.

இருவர்க்கான முறை இது. அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் பொடித்த இரண்டு ஏலக்காயும் சேர்த்து, ஆறியபின் சிறு கிண்ணங்களில் ஊற்றி ஓர் இரவு உறையவிடுக. பில்டரில் மூன்று மேசைக்கரண்டி காப்பித்தூளை இட்டு, கொதிக்கும் நீர் 150 மில்லி லிட்டர் ஊற்றி, மூடி, அரைமணி நேரம் காத்திருக்க. டிகாக்ஷன் சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துவிடவேண்டும்; குளிர்ந்தபின் சர்க்கரை எளிதில் கரையாது. வாயில் குளிர்ச்சி பட்டால் இனிப்பும் மணமும் மங்கித் தோன்றும். ஆதலின் வழக்கத்தைவிடத் திண்ணிய டிகாக்ஷனே வேண்டும். அதனைக் குளிரவைத்து, உயரமான டம்ளரில் உறைந்த பாலை இட்டு, அதன்மேல் டிகாக்ஷனையும் அரை டம்ளர் குளிர்ந்த பாலையும் ஊற்றிக் கலக்குக.

பனிக்கட்டி தனியே தேவையில்லை. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பத்தை ஈர்க்கிறது; ஆனால் உருகியபின் வெறும் நீராகிக் காப்பியை நீர்க்கச் செய்துவிடுகிறது. இங்கு உருகுவதோ சுண்டிய பால். குடிக்கக் குடிக்கச் சுவை மிகுமேயன்றிக் குறையாது. ஏலம் புதுமை என்று எண்ணவேண்டா. காப்பியின் தாயகத்துக்கு அருகே அரபு நாடுகளில் இன்றும் ஏலமிட்டே காப்பி வழங்குகின்றனர்.

ஏமனின் விதை, கங்கைக்கரையின் குல்ஃபி, கும்பகோணத்துப் பில்டர் ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களில் தோன்றி, பல ஊர் கடந்து, ஒரு டம்ளரில் கூடுகின்றன. பிறந்த ஊரை விட்டுவந்த நம் கதையும் அதுதானே! ஒரு பொருள் நம் மண்ணில் விளைந்ததாலேயே நம்முடையதாகிவிடுவதில்லை. நம் கையால் செய்து, அன்போடு பிறர்க்கு நீட்டும்போதே அது நம்முடையதாகிறது. அடுத்த மே மாதத்து நண்பகலில் முதல் டம்ளரைப் பாட்டிக்கே கொடுத்துப் பார்ப்போம். முகம் சுளித்துக்கொண்டே அவர் வாங்கட்டும். பில்டர் டிகாக்ஷனின் மணம் முதலில் எட்டுவது அவர் மூக்குக்குத்தான்.