கோட்டைக்குள்ளால் போகும் கோயில் வழி

திருகோணமலையில் கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் முதலில் ஒரு இராணுவ முகாமுக்குள் நுழைய வேண்டும். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டாமல் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு வேறு தரைவழி கிடையாது. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே போட்டுக் கட்டிய கோட்டை இது. வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் இன்றும் தெரியும். அவசரப்படாமல் நின்று பாருங்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், 1803இல் இப்போதைய பெயரும் வந்தது.

கோயில் போன பிறகு சனங்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவே ஆதிகோணேசருக்கு ஒரு கோயில் எழுந்தது. ஆனாலும் வெறும் பாறையை ஒருவரும் கைவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பூசகர் பாறை விளிம்பில் நின்று கடலுக்குப் பூச்சொரிந்து தேங்காய் உடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். சுவரும் கூரையும் இல்லாத கோயில்! எங்கள் அம்மம்மாவும் அப்படித்தான் கும்பிட்டு வளர்ந்தவ. "கோயில் இல்லாட்டி என்ன, மலை இருக்குத்தானே" என்று சொல்லுவா.

1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கல விக்கிரகங்கள் வெளிவந்தன. சோமாஸ்கந்தரும் அம்மனும் ஊர்வலமாகப் போனார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்கள் அங்கே கிடப்பதைக் கண்டார்கள். மலையில் மறுபடி எழுந்த கோயிலுக்கு 1963 மார்ச் 3ஆம் திகதி கும்பாபிஷேகம். பழைய ஆயிரங்கால் கோயிலுக்கு முன் இது சின்னதுதான். அதைக் கட்டினவர்கள் மன்னர்கள். இது ஊர்ச்சனம் கொடுத்த காசில் எழுந்தது. எனக்கு இதுவே பெரிசு.

அதே சனக்கூட்டம் இன்று மலைக்குப் பாரமாகவும் இருக்கிறது. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள், நாங்கள் எறிகிற பழத்தோலோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. கும்பிட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மானுக்கு ஒன்றும் போடாவிட்டாலும் கோணேசர் கோவிக்கமாட்டார். சொப்பிங் பையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.